உங்களுக்குத் தெரியுமா? ஒரே பிழைக்கு மூன்று எண்கள்

வீட்டு விண்டோஸ் கணினியில் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட், தோழியின் மேக்கில் ஒரு பிழையைக் காட்டும். வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் வேறொரு பிழையைக் காட்டும். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. பினாங்கில் நிரலாக்கம் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். சிலர் பைத்தானையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அந்த வேலையில் இறங்குமுன் இந்தத் துணுக்குகளைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு சிறு விளக்கம். இரண்டு நிரல்கள் நெட்வொர்க் வழியே பேசிக்கொள்வதற்கு இயங்குதளம் திறந்துகொடுக்கும் முனைதான் சாக்கெட். எந்தக் கணினி என்பதை ஐபி முகவரி சொல்லும். அந்தக் கணினிக்குள் எந்த நிரல் என்பதைப் போர்ட் எண் சொல்லும்.

● 61, 111, 10061. மூன்றும் ஒரே பிழைதான். எந்த நிரலும் காத்திராத ஒரு போர்ட்டுக்கு இணைப்புக் கேட்டால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்ற மறுப்பு வரும். அதற்கு மேக் 61 என்று எண் போடுகிறது, லினக்ஸ் 111, விண்டோஸ் 10061. கேட்ட போர்ட்டை வேறொரு நிரல் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தால் மேக்கில் 48, லினக்ஸில் 98, விண்டோஸில் 10048. எதிர்முனை திடீரென இணைப்பை அறுத்தால் 54, 104, 10054. காத்திருந்தும் பதிலே வராவிட்டால் 60, 110, 10060.

விண்டோஸ் எண்ணில் 10000-ஐக் கழித்துப் பாருங்கள், மேக் எண் வந்துவிடும். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நாம் இன்று பயன்படுத்தும் சாக்கெட் முறை, 1983-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு உலகெங்கும் பரவியது. மேக்கின் நெட்வொர்க் பகுதி அந்த பிஎஸ்டி வழி வந்தது, ஆகவே பழைய எண்களை அப்படியே வைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் விண்டோஸுக்காக 'வின்சாக்' வரையறையை எழுதியவர்கள் பெர்க்லி எண்களோடு 10000-ஐக் கூட்டி ஒரு தனி வரிசை அமைத்துக்கொண்டார்கள். 1991-இல் பிறந்த லினக்ஸ், நெட்வொர்க் பிழைகளுக்குத் தன் போக்கில் எண் கொடுத்தது.

'பிழை எண் 111 வந்தால் மறுபடி முயற்சி செய்' என்று ஸ்கிரிப்டில் எழுதினால், அது லினக்ஸுக்கு மட்டும் எழுதிய ஸ்கிரிப்ட். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் இந்தப் பிழைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன: கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு எரர், கனெக்‌ஷன் ரீசெட் எரர், டைம்அவுட் எரர் என்று. எண்ணை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்தால் மூன்று இயங்குதளங்களிலும் ஒரே ஸ்கிரிப்ட் ஓடும்.

● மறுப்பு வந்தால் அது நல்ல செய்தி. எதிரே கணினி இருக்கிறது, பாதையும் திறந்திருக்கிறது, நீங்கள் கேட்ட போர்ட்டில்தான் ஆள் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் சர்வர் நிரலை ஓடவிட மறந்திருப்பீர்கள், அல்லது போர்ட் எண்ணைத் தவறாக எழுதியிருப்பீர்கள். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே முகவரி தவறாக இருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், நடுவில் ஒரு ஃபயர்வால் உங்கள் கோரிக்கையைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். இந்த இரண்டு பிழைகளையும் ஒன்றாகப் பாவிப்பவர்கள் மணிக்கணக்கில் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

இதிலும் ஒரு விண்டோஸ் வழக்கம் உண்டு. மறுப்பு வந்த பிறகும் விண்டோஸ் மறுபடி கேட்டுப் பார்க்கும். லினக்ஸில் கண்ணிமைப்பதற்குள் வரும் மறுப்பு விண்டோஸில் ஒன்றிரண்டு நொடி தாமதமாக வருவது அதனால்தான்.

● பதில் தராத ஒரு கணினிக்காக உங்கள் ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் விண்டோஸில் சுமார் 21 நொடி, மேக்கில் 75 நொடி, லினக்ஸில் இரண்டு நிமிடத்துக்கும் மேல். நெடுங்காலம் இருந்துவந்த லினக்ஸ் கணக்கு இது: முதல் கோரிக்கைக்குப் பிறகு 1, 2, 4, 8, 16, 32, 64 நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போனால் கூட்டுத்தொகை 127. 'விண்டோஸில் சீக்கிரமே பிழை வருகிறது, லினக்ஸில் ஸ்கிரிப்ட் தொங்கிப்போகிறது' என்ற புகாரில் பாதி இதுதான். காலவரம்பை நீங்களே வையுங்கள்; ஒரே வரி போதும்.

● அந்தக் காலவரம்பை எவ்வளவு வைப்பது? சர்வர் சென்னையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பினாங்கிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 24 மில்லிநொடி. கேபிள் நேர்கோட்டில் போகாது, நடுவே ரவுட்டர்கள் இருக்கின்றன, சில நேரம் சிங்கப்பூர் சுற்றியும் போகும். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு நொடியின் சிறு பகுதிதான். எனவே 5 முதல் 10 நொடி தாராளம்.

பினாங்கும் சென்னையும் கடலடியில் இணைந்தது நேற்று இன்றல்ல. 1870-இலேயே பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராஃப் கம்பெனி அன்றைய மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் தந்திக் கம்பி போட்டது. அந்தக் காலத்துக் கடலடிக் கம்பிகளின் செம்பு இழையை உப்புநீரிலிருந்து காத்தது கட்டா பெர்ச்சா. மலாய்க் காடுகளின் மரங்களில் வடிந்த பால் அது. தோட்டப் பாட்டாளிகளின் கண்ணீர்க் கதைகளுக்கு நடுவே இந்தக் கம்பியின் கதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டும். இன்று பினாங்கில் கரையேறும் சேஃப் கேபிள் கொச்சி வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை நீள்கிறது. பே ஆஃப் பெங்கால் கேட்வே என்ற கேபிள் பினாங்கையும் சென்னையையும் மறுபடி நேராகவே இணைத்திருக்கிறது. இலங்கைக்கு அதில் ஒரு கிளை உண்டு, அதன் மறுமுனை ஓமானில் இருக்கிறது.

● சர்வர் ஓடுகிறது, போர்ட் எண் சரி, அதே கணினிதான். ஆனாலும் மறுப்பு. இதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயருக்கு இரண்டு முகவரிகள் இருப்பதுதான் காரணம். பழைய ஐபிவி4 முறையில் 127.0.0.1, புதிய ஐபிவி6 முறையில் இரண்டு முக்காற்புள்ளிகளுக்குப் பின் ஒரு 1. சர்வர் முதலாவதில் காத்திருக்க, இணைப்புக் கேட்கும் கிளையன்ட் இரண்டாவதைத் தட்டினால் மறுப்பு வரத்தான் செய்யும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் 17-ஆம் பதிப்பு 2021-இல் வந்தபோது, ஐபிவி4 முகவரியை முன்னால் வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டது. அதுவரை ஒழுங்காக ஓடிய எத்தனையோ ஸ்கிரிப்டுகள் அப்போது நின்றுபோயின.

இயங்குதளமும் இதில் தன் பங்குக்குக் குழப்பும். எல்லா ஐபிவி6 முகவரிகளிலும் காத்திருக்கும்படி சர்வரை அமைத்தால், லினக்ஸும் மேக்கும் இயல்பாகவே ஐபிவி4 அழைப்புகளையும் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் ஏற்காது, அதற்கான அமைப்பை நீங்களே மாற்ற வேண்டும். சோதனைக்கு எளிய வழி, பெயரை எடுத்துவிட்டு 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதிப் பார்ப்பது. அப்போது வேலை செய்தால் குற்றவாளி பிடிபட்டாயிற்று.

ஐபிவி6 எங்கோ தொலைதூர ஆய்வுக்கூடத்து விஷயம் என்று எண்ண வேண்டாம். பினாங்கின் குளுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இதற்கான தேசிய உயர்நிலை மையம் அமைந்தது. 2005-இல் தொடங்கிய அந்த மையத்தை நெடுநாள் வழிநடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். மலேசியாவின் இணையப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் இப்போது ஐபிவி6 வழியே நடக்கிறது. நம் ஊர் வல்லுநர்கள் உழைத்த துறை இது. இங்கே படிக்கும் பிள்ளைகள் இதை அறியாமல் வெளியேறக் கூடாது.

● பினாங்கின் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை தொடங்கிய ஆண்டு 1972. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் ஆலை அது. இன்டெல் சில்லு ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும். இணைய நெறிமுறைகளோ பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் அனுப்பச் சொல்கின்றன. போர்ட் எண்ணின் இரண்டு பைட்டுகளைத் திருப்பாமல் அனுப்பினால் போர்ட் 80 என்பது 20480 ஆகிவிடும். 8080 என்பது 36895 ஆகிவிடும். எந்த வரிசை சரி என்ற சண்டை ஒரு காலத்தில் மிகக் கடுமையாக நடந்தது. டேனி கோஹன் என்ற அமெரிக்க அறிஞர் 1980 ஏப்ரல் 1 அன்று, எந்த வரிசை ஆனாலும் சரி, எல்லோரும் ஒன்றையே பின்பற்றுங்கள் என்று கேட்டு ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்.

பைத்தானில் போர்ட் எண்ணை மொழியே திருப்பிக்கொள்ளும். சிக்கல் வருவது நீங்களே செய்தியின் நீளத்தை 4 பைட் எண்ணாக முன்னால் ஒட்டி அனுப்பும்போது. 24 பைட் என்று ஒரு முனை சொன்னதை மறுமுனை தலைகீழாகப் படித்தால் 40,26,53,184 பைட் என்று விளங்கிக்கொள்ளும். அத்தனை பைட்டும் வரும் வரை காத்துக்கொண்டே இருக்கும்; பிழைச் செய்திகூட வராது. இன்றைய மேக்குகளும் பெரும்பாலான கைப்பேசிகளும் இன்டெல் வரிசையையே பின்பற்றுவதால், இரண்டு கணினிகளில் சோதிக்கும்போது இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும். நெறிமுறையை ஒழுங்காகப் பின்பற்றும் ஒரு கருவியோடு பேசும் நாளில்தான் வெளிப்படும். பைத்தானின் ஸ்ட்ரக்ட் தொகுதியில் வடிவச் சரத்தின் முதல் எழுத்தாக ஓர் ஆச்சரியக்குறி போட்டால் நெட்வொர்க் வரிசை உறுதியாகிவிடும்.

● சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால், லினக்ஸில் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று வருவது ஏன்? மூடிய இணைப்பின் கடைசிப் பொட்டலங்கள் வழியில் எங்காவது இருக்கலாம் என்று இயங்குதளம் அந்த இணைப்பை 60 நொடி நினைவில் வைத்திருக்கிறது. 'ரீயூஸ் அட்ரஸ்' என்ற விருப்பத்தைச் சாக்கெட்டில் இட்டால் லினக்ஸிலும் மேக்கிலும் சிக்கல் தீரும்.

அதே வரியை விண்டோஸில் போடாதீர்கள். அங்கே அந்த விருப்பத்துக்கு வேறு வேலை. வேறொரு நிரல் உயிரோடு பிடித்து வைத்திருக்கும் போர்ட்டிலேயே உங்கள் நிரலும் உட்கார அது வழிவிடும். வரும் அழைப்பு யாரிடம் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தீய நிரல் ஒன்று உங்கள் போர்ட்டைக் கைப்பற்றவும் இது வாசல் திறக்கும். இதைத் தடுக்கவே மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்க்ளூசிவ் அட்ரஸ் யூஸ்' என்ற தனி விருப்பத்தைச் சேர்த்தது. பைத்தானின் அசிங்க்ஐஓ சர்வர் இந்த வேறுபாடு தெரிந்து, யூனிக்ஸ் வகைக் கணினிகளில் மட்டும் ரீயூஸ் விருப்பத்தைத் தானாக இடுகிறது. ஒரே பெயர், இரண்டு பொருள். சாக்கெட் உலகில் என் கணிப்பில் மிக ஆபத்தான வேறுபாடு இதுதான்.

● மேக்கில் போர்ட் 5000 பிடிபட்டிருக்கிறதா? 2021-இல் வந்த மான்டரே பதிப்பு முதல் ஏர்ப்ளே ரிசீவர் அந்தப் போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பைத்தானில் வலைத்தளம் அமைக்கப் பயன்படும் ஃபிளாஸ்க்கின் பாடங்கள் எல்லாம் 5000-இலேயே தொடங்குவதால் மாணவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்கிறார்கள். வேறு எண் கொடுங்கள், போதும்.

● 0.0.0.0 என்பது 'என் கணினியின் எல்லா முகவரிகளிலும் காத்திரு' என்று சர்வருக்குச் சொல்லும் குறி. கிளையன்டும் அதே முகவரிக்கு இணைத்தால் லினக்ஸும் மேக்கும் பொறுத்துக்கொண்டு இணைத்துவிடும். விண்டோஸ் 10049 என்று திருப்பி அனுப்பும். இதற்கு மறுபக்கமும் உண்டு: சர்வரை 127.0.0.1-இல் காத்திருக்க வைத்தால் அதே வைஃபையில் இருக்கும் உங்கள் கைப்பேசிகூட அதை அடைய முடியாது.

● பக்கத்து மேசைக் கணினிக்கு 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று மேக் சொன்னால் கேபிளைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். 2024-இல் வந்த மேக் ஓஎஸ் 15 முதல், உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத செயலிக்குள்ளிருந்து ஓடும் ஸ்கிரிப்டுக்கு 65 என்ற பிழை வரும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் அந்தச் செயலிக்கு அனுமதி கொடுங்கள்.

● எதிர்முனை மூடிவிட்ட சாக்கெட்டில் எழுதினால், சி மொழியில் எழுதிய நிரல் லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு சொல்லும் சொல்லாமல் செத்துவிழும். 'சிக்பைப்' என்ற சமிக்ஞையின் வேலை அது. விண்டோஸில் அப்படி ஒரு சமிக்ஞையே இல்லை. பைத்தான் அதைத் தானே தடுத்து 'புரோக்கன் பைப்' என்ற பிழையாக மாற்றித் தருகிறது.

● விண்டோஸில் சி மொழியில் எழுதுபவர்களுக்கு மட்டும்: 10093 வந்தால் வின்சாக்கைத் தொடங்கும் முதல் அழைப்பை மறந்துவிட்டீர்கள்.

● இனி நமக்கு மிக நெருக்கமான விஷயம். 'பினாங்கு' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது 4 எழுத்து. சாக்கெட்டில் போவது 24 பைட்! யூனிகோடில் இந்தச் சொல் 8 குறியீடுகள்: ப, இகரக் குறி, ன, ஆகாரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'வணக்கம்' 5 எழுத்து, 7 குறியீடு, 21 பைட். செய்தியின் நீளத்தை எழுத்துகளை எண்ணி அனுப்பினால், எதிர்முனை முதல் சில பைட்டுகளோடு நிறுத்திக்கொள்ளும். பைட்டாக மாற்றிய பிறகுதான் நீளத்தை அளக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. பாடப் புத்தகங்கள் எல்லாம் 'ரிசீவ் 1024' என்று கற்றுத்தருகின்றன. டிசிபி இணைப்பு குழாயில் வரும் தண்ணீர் போன்றது. நீங்கள் ஊற்றிய குடங்களின் கணக்கை அது வைத்திருப்பதில்லை. 1024 என்பது அதிகபட்ச அளவு மட்டுமே, அதற்குக் குறைவாக எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம். முழுசாக 1024 வந்தாலும்கூட, அதை 3-ஆல் வகுத்தால் 341 குறியீடு போக ஒரு பைட் மிச்சம். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் வழக்கமாகச் சுமக்கும் 1460 பைட்டை வகுத்தாலும் 486 போக 2 மிச்சம். தமிழ்க் குறியீடு நடுவில் அறுபடுகிறது. அந்தத் துண்டை உடனே எழுத்தாக மாற்றப் போனால் 'யூனிகோட் டிகோட் எரர்' வருகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட் என்பதால் எங்கே வெட்டினாலும் எழுத்து பிழைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரலாளர் இந்தப் பிழையை வாழ்நாள் முழுவதும் காணாமலே போகலாம்.

உங்கள் கணினிக்குள்ளேயே சோதிக்கும்போது சிறு செய்திகள் பெரும்பாலும் ஒரே துண்டாக வந்துவிடுவதால் எல்லாம் சரியாகத் தெரியும். சென்னை சர்வரோடு பேசும்போது உடையும். தீர்வு எளிது: நீளத்தை முன்னால் அனுப்புங்கள், அத்தனை பைட்டும் சேரும் வரை திரட்டுங்கள், பிறகே எழுத்தாக மாற்றுங்கள்.

வந்த தமிழைக் கோப்பில் எழுதும்போது இன்னொரு தடங்கல். குறிமுறையைச் சொல்லாமல் கோப்பைத் திறந்தால், மேக்கிலும் லினக்ஸிலும் பைத்தான் யூடிஎஃப்-8 எடுத்துக்கொள்ளும். ஆங்கிலம் அல்லது மலாய் அமைப்பில் உள்ள விண்டோஸ் 1252 என்ற மேற்கத்தியப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. உடனே பிழை. குற்றம் சாக்கெட்டில் இல்லை, ஆனால் பழி அதன் மேல் விழும். பைத்தான் 3.15 முதல் எல்லாத் தளங்களிலும் யூடிஎஃப்-8 இயல்பாகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது குறிமுறையை எழுதியே ஆக வேண்டும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இதைவிட மோசமான நிலை இருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டிய தமிழ் இன்னோர் எழுத்துருவில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். 1980-களிலேயே முரசு அஞ்சலைத் தொடங்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் போன்றோரின் உழைப்பால் அந்தக் காலம் கடந்தது. மேக்கில் பல ஆண்டுகளாக இருந்துவரும் இணைமதி எழுத்துரு அவர் வடித்ததே.

நிரலாக்கம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சாக்கெட் ஸ்கிரிப்டைச் சோதிக்கும்போது 'ஹலோ வேர்ல்ட்' மட்டும் அனுப்பி முடித்துவிடாதீர்கள். நான்கு பக்க அளவுக்குத் தமிழ் உரையை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கும், லினக்ஸிலிருந்து மேக்கிற்கும் அனுப்பிப் பாருங்கள். பிழை வந்தால் முழுச் செய்தியையும், இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும், முகவரியையும் போர்ட் எண்ணையும் குறித்துவைத்துக்கொண்டு பிறகு உதவி கேளுங்கள்.